மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

டொக்டர் சிங்களத்தில் மூன்று வாக்கியங்கள் சொன்னார். ஸ்கேனில் தெரிகின்ற கட்டியின் ஓரம் சீராக இல்லை என்பது முதலாவது. ஊசியால் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது இரண்டாவது. புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பது மூன்றாவது.

"என்னவாம் மகள்?" என்று சாச்சி கேட்டார்.

"கட்டி கொஞ்சம் வித்தியாசமா இரிக்காம். சின்னத் துண்டொண்டு எடுத்துப் பாக்கணுமாம். பயப்புட ஒண்டுமில்லையாம்."

மூன்றாவது வாக்கியத்தின் இடத்தில் என் சொந்தச் சரக்கை வைத்துவிட்டேன். கேட்டவருக்கு அது டொக்டரின் வாக்கு.

எமது வீடுகளில் இது புதினமல்ல. கிளினிக் கொப்பி மகனின் கையிலிருக்கும். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். டொக்டரும் கூட வந்தவரின் முகத்தைப் பார்த்தே பேசுவார். யாருடைய மார்பில் கட்டி இருக்கிறதோ, அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1996ஆம் ஆண்டு முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக நடைபெறுகின்றன. ஆயினும் வெட்கத்தால் அந்த வாசலை மிதியாத பெண்கள் எம்மிடையே எத்தனை பேர்! சாச்சி வந்ததுகூட, நான் பெண்பிள்ளை, கூடவே உள்ளே வருவேன் என்பதால்தான். அந்த நம்பிக்கையைத்தான் நான் அவ்விதம் பயன்படுத்தினேன்.

இவ்வாறு மறைப்பது கீழைத்தேயப் பண்பு, மேலைத்தேயத்தார் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவர் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1961இல் அமெரிக்க வைத்தியர்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லாதிருப்பதையே விரும்புவதாக ஏறத்தாழ 90 சதவீதமானோர் கூறினர். 1979இல் மீண்டும் கேட்டபோது, சொல்வதையே விரும்புவதாக 97 சதவீதமானோர் கூறினர். பதினெட்டே வருடங்களில் இப்படித் தலைகீழாக மாறக்கூடிய ஒன்றைப் பண்பாடு என்று சொல்லி எவ்வாறு தப்பித்துக்கொள்வது?

எனினும் என்னிடம் ஒரு வாதம் இருந்தது. நோய் உறுதியான பின் மறைப்பது வேறு. எதுவுமே தெரியாதபோது சொல்லாதிருப்பது வேறு. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ரிப்போர்ட்டில் 4 என்ற இலக்கம் இருந்தது. அந்த வகைக்குள் வரும் கட்டி புற்றுநோயாக இருப்பதற்கான சாத்தியம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலிருந்து தொண்ணூற்றைந்துக்குச் சற்றுக் கீழ்வரை இருக்கலாமாம். இத்தனை அகலமான ஒரு "இருக்கலாம்" என்பதை எந்தத் தமிழில் சொல்வது? எடுத்த சதை போமலினில் ஊறி, மெழுகில் பதிக்கப்பட்டு, மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு, சாயமேற்றி நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்படும் வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்குள் எதற்கு வீண் பயம்?

மார்க்கத்தையும் துணைக்கழைத்துப் பார்த்தேன். பொய்க்கு இடமளிக்கப்பட்ட மூன்று சந்தர்ப்பங்களை ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ரிவாயத் சொல்கிறது: யுத்தம், மக்களிடையே சமாதானம், கணவன் மனைவிக்கிடையிலான பேச்சு. நோய் அங்கில்லை. நோயாளிக்கும் அதை நீட்டலாமா என்பது உலமாக்கள் பேசவேண்டிய விடயம். என்னை உறுத்தியது வேறொன்று. தனக்கு என்ன வரக்கூடும் என்று அறியாதவர் எப்போது வஸிய்யத் எழுதுவார்? யாரிடம் கடன் தீர்த்து, யாரிடம் மாப்புக் கேட்பார்?

பதினொரு நாட்களின் பின் முடிவு வந்தது. கொழுப்புத் திசு செத்து இறுகிய கட்டி. படங்களில் புற்றுநோயைப் போலவே தோற்றமளிக்கக்கூடிய ஒன்று. அல்ஹம்துலில்லாஹ். "பாத்தியா, சொல்லாம உட்டது எவ்வளவு நல்லம்" என்றார் உம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன். நல்ல முடிவு வந்துவிட்டால் செய்த காரியமும் நல்லதாகிவிடுகிறதே!

இரண்டு மாதம் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த சாச்சி தலை நிமிராமலே கேட்டார்: "அண்டைக்கு டொக்டர் பிளிகா எண்டாரே, அத ஏன் புள்ள நீ சொல்லல்ல?"

சாச்சிக்குச் சிங்களம் தெரியாது. அந்த ஒரு சொல் தெரியும். முன்னொரு முறை மைத்துனியைப் பார்க்க மகரகமைக்குப் போனபோது, பஸ்ஸில் கண்டக்டர் கூவிய சொல் அது.

அந்தப் பதினொரு நாட்களும் என் கண்முன்னேதான் கழிந்தன. பக்கத்து வீட்டார் அமானிதமாகத் தந்திருந்த காப்புச் சோடியைச் சாச்சி திருப்பிக் கொடுத்தார். காணி உறுதி எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று மகளுக்குக் காட்டினார். களாவான நோன்புகளில் நான்கைப் பிடித்தார். பேணுதல் என்று நாம் மெச்சிக்கொண்டோம். வஸிய்யத்துக்கு நான் இடம்கொடுக்கவில்லையே என்று வருந்தியது வீண். அவர் எவர் துணையுமின்றி அதைச் செய்துகொண்டிருந்தார். நான் பயத்தைத் தடுத்ததாக எண்ணியிருந்தேன். பயம் எப்போதோ உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. நான் தடுத்தது, அவர் அதைப் பற்றி யாருடனாவது பேசுவதை மட்டுந்தான். இருவரும் ஒரே அறையில்தான் பாய் விரித்துப் படுத்தோம்.

"நீங்க ஏன் சாச்சி கேக்கல்ல?"

"நீ பயந்துபோய் இரிக்கக்குள்ள, நானும் உன்னப் பயப்புடுத்துறதா எண்டு உட்டுட்டன்."

ஆறு மாதத்தின் பின் மறுபடி ஸ்கேனுக்குப் போனோம். டொக்டர் வாய் திறக்குமுன்னே சாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒண்டும் கூட்டவும் படாது, குறைக்கவும் படாது" என்றார். டொக்டர் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

திரும்பி வரும் வழியில் இன்னொன்றும் சொன்னார். அன்று டொக்டர் சொன்ன அந்தச் சொல் சாச்சாவின் காதுக்குப் போகக்கூடாதாம். அவர் தாங்கமாட்டாராம்.