ஹுவான் தே பரேஹாவின் முகம்

உருவப்படம் எழுதுகிற சித்திரக்காரன் மனிதன் உடுத்த துணியைத் தீட்டுகிறானா, அவனுள் உறையும் ஆத்மாவைத் தீட்டுகிறானா என்னும் வினா பழையது. ஆயினும் அம்மனிதன் மற்றொருவனுடைய உடைமையாக இருக்கும்போது, அவ்வினா ரசனையின் எல்லையைக் கடந்து தர்ம விசாரணையாகிவிடுகிறது.

ஸ்பானிய அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் 1650-இல் ரோமாபுரியில் தங்கியிருந்தபோது எழுதிய படங்களில் ஒன்று போப் பத்தாம் இன்னசென்ட்டுடையது. மற்றொன்று, ஓவியரின் பணிக்கூடத்தில் உதவியாளராயிருந்த அவருடைய அடிமை ஹுவான் தே பரேஹாவினுடையது. போப்பின் படத்தில் செம்பட்டு மேலங்கியும் செந்நிறத் திரையும் பதவியின் பிரதாபத்தைப் பறைசாற்ற, அந்தச் சிவப்பின் நடுவே எவரையும் நம்பாத கண்கள் ஆசனத்தில் அமர்ந்த மனிதனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பரேஹாவுக்கோ சாம்பலும் பசுமையும் கலந்த மங்கிய உடை. பின்னணியும் ஏறக்குறைய அதே நிறம். தோள்மேல் படிந்த வெள்ளைப் பின்னற் கழுத்துப்பட்டை ஒன்றே பளிச்சிடுகிறது. அருகே சென்று நோக்கினால் அதுவும் வேகமாக இழுத்த சில வெண்தீற்றல்களே. விலகி நின்றால்தான் நூலாகிறது. துணியில் இவ்வாறு ஓடிய தூரிகை முகத்தில் நின்று நிதானித்திருக்கிறது. நெற்றியில் ஒளி படிய, தலை நிமிர்ந்து, நம்மை நேரே நோக்கும் அக்கண்களில் இரக்கத்தை யாசிக்கும் சாயல் இம்மியும் இல்லை.

உடலையே ஆத்மா களைந்து மாற்றும் ஆடையெனக் கருதும் வேதாந்தத்தில் பழகிய நமக்கு, போப்பும் அடிமையும் ஒரே தூரிகையின் முன் சமமாவது வியப்பளிக்காது. வியப்பளிப்பது வேறு. அவ்வாண்டு மார்ச்சு மாதம் பாந்தியன் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றுப் பெரும் பாராட்டைப் பெற்ற அப்படத்தில், தம் அடிமையின் ஆத்ம கௌரவத்தை அத்துணைப் பூரணமாகக் கண்டு எழுதியவர், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டது நவம்பரில்தான். அதுவும், இன்னும் நான்கு ஆண்டுகள் ஊழியம் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையுடன்! உண்மையைக் கண்ட கண்ணுக்கும் உரிமையை விட மனமில்லாத கைக்கும் இடையே இருந்த அந்தத் தூரத்தை, ஓவியத்தின் மேன்மை எவ்வளவு பெரிதாயினும் மறைக்கவியலாது என்பதே என் கருத்து. சகல ஜீவர்களிலும் உறைவது ஒரே பொருள் என்று ஓதிக்கொண்டே சக மனிதரைத் தீண்டாமல் ஒதுக்கிவைத்த நம்மவர், இதில் வெலாஸ்கெஸைப் பழிக்க அருகதையற்றவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விடுதலைக்குப் பின் பரேஹா தாமே ஓவியராக வாழ்ந்தார். புனித மத்தேயுவை இயேசு அழைப்பதைச் சித்திரித்து அவர் 1661-இல் எழுதிய பெரிய படம் இன்று மாட்ரிட் நகரத்துப் பிராடோ காட்சிசாலையில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் நல்லுடை உடுத்தி, தம் கையொப்பமிட்ட தாளைப் பிடித்து நிற்பவர் பரேஹாவே.