பாப்பாரப்பட்டி ஏரிக்கரையில்

போன மாதம் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி ஏரிக்கரையில் கொஞ்சநேரம் நின்றேன். சின்ன ஊர்தான். ஆனால் சிறையிலே குஷ்டரோகம் பிடித்த சுப்பிரமணிய சிவாவுக்கு இடம்கொடுத்த ஊர்! குஷ்டரோகி ரயில் ஏறக்கூடாதென்று வெள்ளைக்காரன் தடுத்தபோது, புண்ணான காலோடு ஊர் ஊராய் நடந்தார். 1925 ஜூலை 23-ல், 40 வயதில், இங்கேதான் கண்மூடினார்.

அவர் நம் விசுவாசத்தார் அல்ல. ஆனாலும் என் இருதயம் உடைந்தது. ஏன் தெரியுமா? இன்றைக்கு மாத்திரையால் குணமாகிற வியாதி இது. அப்படியிருந்தும், ஜெபக்கூட்டத்துக்கு வந்த விரல் மடங்கிய ஒரு அம்மாவைக் கடைசிப் பாய்க்குப் போகச் சொன்னவன் நான்தான். இயேசு கைநீட்டித் தொட்டாரே, நான் தொடவில்லையே! அந்த அம்மா அப்புறம் வரவேயில்லை. அவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்.