கரையில் நிற்கும் பிள்ளை

நீச்சல் பழக மறுக்கும் பிள்ளையைக் குளத்தில் தூக்கி எறிந்தால் தானே கற்றுக்கொள்வான் என்பார் பலர். கற்றுக்கொள்ளவும் கூடும், ஆனால், எறிந்த கையை அவன் பிறகு நம்புவானா? நம் கிராமங்களில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்கிவிடுவார்கள். கைகால் அடிக்கப் பழகும்வரை அது தாங்கும், பிறகு அவிழ்த்துவிடுவார்கள்.

பிள்ளைகள் பெரும்பாலும் நீருக்கோ பந்துக்கோ அஞ்சுவதில்லை; பார்த்து நிற்போரின் சிரிப்புக்கே அஞ்சுகிறார்கள். அச்சிரிப்பில் தந்தையின் குரலும் கலந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகியாருடன் பந்தயம் ஓடித் தோற்றார்கள். பின்னொரு முறை ஓடி வென்றார்கள். பிள்ளையின் கண்முன் தோற்கத் துணியும் தந்தையர் நம்மில் எத்தனை பேர்?

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் நாம் தண்ணீரில் இறங்குவோம். பிள்ளை இன்று கரையிலேயே நின்றாலும் நிற்கட்டும். நாளையும் அழைத்துச் செல்வோம்.