பழந்துணிக்கு என்ன விலை

பீரோ நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்பது நமக்குப் புதுக்கேள்வி. நம் பாட்டிமாருக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, அவ்வளவுதான் துணி. ஒரே சீலையில் பாதியை உடுத்திக்கொண்டு மறுபாதியைக் காத்தில் பிடித்துக் காயவைத்த கதை எந்தச் சேரியில் கேட்டாலும் கிடைக்கும். படித்து வேலைக்கு வந்த தலைமுறைக்குத்தான் பீரோ வந்தது. இன்றைக்கு அதுவும் மூட முடியாமல் பிதுங்குகிறது. என் பீரோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உடுத்தாத துணியை என்ன செய்ய என்று கேட்டால், கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்: "இல்லாதவங்களுக்குக் குடுத்துடுங்க, புண்ணியம்." எனக்கு இந்தப் பதில்தான் இடிக்கிறது. கொடுக்காதே, வித்துடு என்பது என் கட்சி. பத்து ரூபாய்க்காவது வித்துடு.

கஞ்சத்தனம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

பழைய துணி இந்த நாட்டில் வெறும் துணியாக இருந்ததே இல்லை. மனுவின் பத்தாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். செத்தவர்களின் துணிதான் சண்டாளனுக்கு உடை என்று 52ஆம் சுலோகம் விதிக்கிறது. அண்டிப் பிழைக்கும் சூத்திரனுக்கு மிஞ்சிய சோற்றையும் நைந்த துணியையும் கொடு என்று 125ஆம் சுலோகம் சொல்கிறது. சோறும் துணியும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. தின்று மிஞ்சியது எச்சில் என்றால் உடுத்தி மிஞ்சியது மட்டும் எப்படிப் புண்ணியம் ஆகும்? எச்சில் சோற்றை நீட்டினால் இன்றைக்கு நம் பிள்ளைகள் தட்டோடு விட்டெறிவார்கள். துணியை நீட்டினால் நாமே, "நல்ல மனசுப்பா அவுங்களுக்கு" என்கிறோம். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் கூட்டிய மாநாட்டில் அந்த நூலைக் கொளுத்தினார்கள். தாள் எரிந்தது. கொல்லைப்பக்கம் நின்று பழஞ்சீலை வாங்குவது அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் நடந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பழசைக் கொடுத்த கைதான் புதுசைத் தடுத்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பக்கம் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி தன் சாதி பற்றிய புத்தகத்தில் இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். கிழிசலை உடுத்தினால் எவன் கண்ணும் உறுத்தவில்லை. காசு கொடுத்து எடுத்த சட்டைதான் உறுத்தியது. நம் ஊர்ச் சிலைகளில் அம்பேத்கர் ஏன் கோட்டும் சூட்டுமாக நிற்கிறார் என்று கேலி பேசுகிற ஆள்கள் இருக்கிறார்கள். இந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

எங்கள் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையில் நடவு நட்டவள். ஆண்டை வீட்டில் பழஞ்சீலை கொடுப்பார்கள். அதைக் கட்டிக்கொண்டு களத்துக்குப் போனால் அந்த வீட்டுச் சின்னப்பொண்ணு, "இது எங்கம்மா சீலையில்ல?" என்று நாலு பேர் முன்னால் கேட்கும். கொடுத்த பிறகும் அது அவர்கள் சீலைதான். வித்த மாட்டைப் பார்த்து எவனாவது எங்க மாடு என்பானா? கூலியை ஏத்திக் கேட்டால் அதற்கும் சீலைதான் குறுக்கே வரும். "தீவாளிக்குக் குடுத்ததை மறந்துட்டியாடி?" அங்கே வாயைத் திறக்க முடியாது. வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்வாள்: "எப்படிடா மறக்கும்? பொத்தல் வழியா குளிரு அடிக்கிறப்பல்லாம் ஞாபகம் வருதே." அரைப்படி நெல் ஏறியிருந்தால் அவளே ஒரு சீலை எடுத்திருப்பாள். கூலியில் பிடித்ததைத்தான் தருமமாகத் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் அவர்கள் உடுத்திக் கழித்த பிறகு.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் வேறு மாதிரி. தரையில் சாக்கை விரித்துப் பழைய துணிகளைக் குவித்திருப்பார்கள். வாங்க வருகிறவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளறுகிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்க்கிறார். மோந்து பார்க்கிறார். பட்டன் இல்லையே, காலர் நைஞ்சு போச்சே என்கிறார். முப்பது சொன்னால் பதினைஞ்சுக்குக் கேட்கிறார். பிடிக்கவில்லை என்றால் குவியலிலேயே போட்டுவிட்டு எழுந்து போகிறார். கும்பிடு கிடையாது, 'நல்லாயிருப்பீங்க' கிடையாது. இதில் எதையாவது எங்கள் பாட்டி ஆண்டை வீட்டுக் கொல்லையில் செய்திருக்க முடியுமா? மோந்து பார்த்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள்.

சந்தையைப் பெரிய நியாயஸ்தலம் என்று நான் சொல்லவில்லை. பழந்துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர், பத்துச் சீலைக்கு ஒரு சின்னப் போசியை நீட்டுவார். பட்டுச்சீலைக்கு வரும் வியாபாரிக்குச் சரிகையில் இருக்கிற வெள்ளிமேல்தான் கண். நைந்த பருத்தி மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய் துடைக்கப் போகிறது. கம்பளித்துணி பானிப்பட்டுக்குப் போய்க் கிழிபட்டு நூலாகி மலிவுக் கம்பளமாகத் திரும்பி வருகிறது. இதில் எல்லாம் ஏமாத்து உண்டு. ஆனாலும் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறது. நான் கேட்பது அந்த இடத்தைத்தான்.

காசே இல்லாதவர் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. வீடு, வலை, படகு, பிள்ளைகள் எல்லாம் போன மீனவர்கள் அதைத் தொடவில்லை. சாலை ஓரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. அந்த நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்ட அநியாயமும் நடந்தது, அது தனியாகப் பேச வேண்டிய கணக்கு. எல்லாம் இழந்தவர்களே எச்சில் துணியை வேண்டாம் என்றார்கள் என்பதுதான் இங்கே விஷயம். கொடுத்தே ஆகணும் என்றால் புதுசு எடுத்துக் கொடு, இல்லை காசாகக் கொடு. 1999இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, ஊர் வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு ஈடாகத் துணி என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. பிச்சையாக வாங்க வேண்டாம் என்கிற எண்ணம் நல்ல எண்ணம். உழைப்புக்குக் கூலி துணியாக வருவதில் மட்டும் எனக்குப் பண்ணை வாடை அடிக்கிறது.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். நாம் வாங்க மட்டும் செய்தவர்கள் இல்லை, கொடுத்தவர்களும்தான். நம் துணியை வெளுத்த புதிரை வண்ணார் நம் வாசலில் சோத்துக்கு நின்றார்கள். நம் சாவுத்துணியும் தீட்டுத்துணியும் அவர்கள் கைக்குப் போயின. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது தலித் விமர்சகர்களுக்குள் விவாதம் சூடாக நடந்தது. இப்போது எழுதுவது சரியா என்றார்கள். எப்போது எழுதினாலும் அந்த வண்ணாத்தி கையில் இருந்தது நம் பழந்துணிதானே.

இன்றைக்கு அந்த வாசல் நம் அடுக்குமாடி வீட்டு வாசல். பாத்திரம் தேய்க்க வருகிறவரும் பெரும்பாலும் நம்ம ஜனம்தான். சம்பளத்தை ஏத்தாமல் ரெண்டு சுடிதாரைக் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது அவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் வருகிறது. எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகப் பணமாக. சீலை என்றால் கடையில் அவரே போய் எடுத்துக்கொள்வது. பீரோவில் கழித்த சீலைகளைத் தனியாக மடித்து, ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டுக் குத்தித் திண்ணையில் வைத்துவிடுவேன். தெருவில் யாரும் பார்க்கலாம்.

முதல் தடவை அவர் சிரித்தார். "என்னக்கா, கடை போட்டுட்டீங்களா?" உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். அறுபது போட்டிருந்த சுங்குடியை நாப்பதுக்குக் கேட்டு, நாப்பத்தஞ்சுக்கு முடித்தார். நைலக்ஸ் ஒன்றை மகளுக்கு என்று எடுத்து வைத்தார். மூணாவதைப் பிரித்தார், முந்தானையை வெளிச்சத்தில் பிடித்தார், அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இது வேணாம்க்கா. ஓரமெல்லாம் பிஞ்சு கெடக்கு. இதுக்குப் போயி இருவது போட்டிருக்கீங்க?"