வானம் தோண்டுகிற வேலை

எங்கள் பக்கத்தில் கொத்தனார்கள் அஸ்திவாரக் குழியை ‘வானம்’ என்பார்கள். நாங்கள் வீடு கட்டியபோது வானம் தோண்டுவதைப் பார்ப்பதே முதல் சில நாட்களுக்கு எனக்கு வேலை. கரிசல் பூமி. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மூன்றடியிலேயே போதும் என்றேன் நான். கொத்தனார் குழிக்குள் இறங்கி, கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். பொதுக்கென்று உள்ளே போயிற்று. “இன்னும் கெட்டி வரலை சார்” என்றார். ஐந்தடி தாண்டிச் சுக்கான் பாறையில் ‘ணங்’கென்று சத்தம் கேட்ட பிறகுதான் மேலே ஏறினார். அந்தக் கூலி முழுக்க இன்று மண்ணுக்குள் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஜன்னலைத்தான் பாராட்டுகிறார்கள்.

மலைப்பிரசங்கத்தை இயேசு முடிப்பதும் ஒரு கட்டட வேலையில்தான். மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் ஒருவன் பாறைமேல் கட்டுகிறான், மற்றவன் மணல்மேல். லூக்கா 6-இல் அதே கதை கொத்தனார் வாயால் சொல்வதுபோல் இருக்கிறது: ஒருவன் ஆழமாகத் தோண்டினான், மற்றவன் தோண்டவே இல்லை. கலிலேயாவில் மழை ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான். மற்ற மாதங்களில் ஓடைகள் வற்றி, படுகை சமதரை மாதிரிக் கிடக்கும். அந்தக் காய்ந்த நாட்களில் பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தோண்டாதவன் சீக்கிரமே குடிபுகுந்து விருந்தும் வைத்திருப்பான்.

அந்த இருவருமே கேட்டவர்கள். இதை நாம் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். மணல்மேல் கட்டியவன் கடவுள் இல்லை என்றவன் அல்ல. முன்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டு, நன்றாக இருந்தது என்று வாசலில் போதகரிடம் சொல்லிவிட்டுப் போகிற ஆள். என்னைப்போல.

“சொன்னா கேட்க மாட்டேங்கிறான்” என்று ஒரு தாய் மகனைப் பற்றிக் குறைப்பட்டால், காது டாக்டரிடம் காட்டச் சொல்லி யாரும் யோசனை சொல்வதில்லை. தமிழில் கேட்பது காதோடு நின்றுவிடுகிற காரியம் அல்ல. எபிரெயத்தின் ‘ஷமா’வும் அப்படித்தான், செவிகொடுப்பதும் கீழ்ப்படிவதும் அதில் ஒரே வினை. 40-ஆம் சங்கீதத்தில், கடவுள் விரும்புவது பலியும் காணிக்கையும் அல்ல என்று பாடுகிறவர், அவர் தன் செவிகளைத் திறந்ததாகச் சொல்கிறார். மூலத்தில் அந்தத் திறத்தல், தோண்டுதல். ஈசாக்கின் வேலைக்காரர் கிணறு வெட்டினபோது வருகிற அதே வினை. நாம் தோண்டத் தொடங்கும் முன்னால் நமக்குள் ஒருவர் தோண்டியிருக்கிறார்.

கீழ்ப்படிந்தால்தான் கடவுள் நேசிப்பார் என்று பயந்து வாழ்கிறவர்களை அறிவேன். வேதம் சொல்கிற வரிசை அதுவல்ல. பத்துக் கட்டளைகளுக்கு முன்னால் எகிப்திலிருந்து விடுவித்த கதை நினைவூட்டப்படுகிறது. மலைப்பிரசங்கமும் யார் யார் பாக்கியவான்கள் என்றுதான் தொடங்குகிறது. பாறையை நாம் உண்டாக்குவதில்லை. அது ஏற்கெனவே அங்கே கிடக்கிறது. அதுவரை போய்ச் சேருவதுதான் நம் பாடு.

அதே பிரசங்கத்தில், 5-ஆம் அதிகாரத்தில், ஒரு கட்டளை. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் ஏதோ குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு ஒப்புரவாகு. குறை நியாயமானதா என்று அது விசாரிப்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நடுவில் மூன்று நாள் நடை. ஆட்டையோ புறாவையோ அங்கே விட்டுவிட்டு, மூன்று நாள் நடந்து ஊருக்கு வந்து, தம்பி வீட்டுக் கதவைத் தட்டி, மறுபடியும் மூன்று நாள் நடந்து போக வேண்டும். ஆட்டை அதுவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவராவது வாய்க்குள் முணுமுணுத்திருப்பார்.

என் தம்பி வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. கிணற்றுத் தண்ணீர் முறையில் ஆரம்பித்த பேச்சு, ஆறு வருஷமாகப் பேச்சே இல்லாமல் ஆகியிருந்தது. என் பக்கம்தான் நியாயம் என்று இப்போதும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியைத்தான் வாசித்தார்கள். காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தபோது கவர் என் கையில் வியர்த்துப்போயிருந்தது. பையை அடுத்தவரிடம் நகர்த்தினேன். கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜெபம் முடியுமுன் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தேன்.

வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். நான் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பல் விழுந்திருந்தது.

“அப்பா, பெரியப்பா வந்திருக்காங்க” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நான் செருப்பைக் கழற்றினேன்.