பழியும் காரணமும்

இறந்தவர்மீது பழியைச் சுமத்திவிட்டால் இருப்பவர்களின் கடமை தீர்ந்துவிடுமா?

2016 ஜூலை 30 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லாக்ஹார்ட் ஊருக்கருகே, தரையிறங்க முயன்ற வெப்பக்காற்றுப் பலூன் ஒன்று மின்கம்பிகளில் மோதி வீழ்ந்து எரிந்தது. பலூனோட்டியும் பயணிகளுமாக 16 பேரும் மாண்டனர்.

ஆராய்ந்தது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். குற்றஞ்சாட்டுவது அதன் பணியன்று. காரணம் காண்பதே பணி. மேகமும் மூடுபனியும் இருந்தும் புறப்பட்டது ஓட்டியின் பிழை. அவருடைய நோய்களும் மருந்துகளும் அவரது தெளிவைக் குலைத்தன என்று 2017-இல் அது முடிவுசெய்தது. அவரும் மாண்டுவிட்டதால் அத்துடன் ஏட்டை மூடியிருக்கலாம். மூடவில்லை. வணிக விமானிகளுக்குக் கட்டாயமான மருத்துவச் சான்று, கட்டணப் பயணிகளை ஏற்றும் பலூனோட்டிகளுக்குத் தேவையில்லை என்றிருந்த அரசு விதியையும் காரணங்களுள் ஒன்றாக எழுதியது. பலூன் நிறுவனங்களைக் கூடுதலாகக் கண்காணிக்குமாறு 2014-இலேயே அது விடுத்த பரிந்துரை ஏற்கப்படவில்லை. 2022-இல் வெளியான விதிதான் அச்சான்றைக் கட்டாயமாக்கியது.

பழி இறந்தவரோடு புதைந்துபோகும். காரணமோ உயிரோடிருப்போரின் வாசலில் வந்து நிற்கும். ஒருவருடைய பிழையை மறைப்பது இரக்கமாகாது. அப்பிழைக்கு இடங்கொடுத்த அசட்டையை மறைப்பது நீதியாகாது. அடுத்து ஏறுகிறவர் நலமாய்த் தரையிறங்க வழிசெய்வதே மாண்டோருக்கு நாம் செலுத்தும் கடன்.