கிளை விட 75 வருஷம்

மினியாபோலிஸ் பனியில் முப்பது வருஷம் ஓடிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு அரிசோனாவின் டூசான் நகரத்துக்குப் போய்விடலாம் என்று பட்டியல் போட்டேன்: வெயில், சகுவாரோ கள்ளிகள் நிற்கும் பாலைவனம், 1797-இல் கட்டி முடித்த சான் சேவியர் தேவாலயம், நாலாயிரம் வருஷ விவசாய மரபு, 2015-இல் யுனெஸ்கோ தந்த 'உணவுக்கலை நகரம்' பட்டம். மனைவி படித்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் சரி, நாம போறதால அந்த ஊருக்கு என்ன கிடைக்கும்?"

"வரி கட்டுவோம்ல" என்றேன். சிரித்தாள்.

டூசானுக்குத் தண்ணீர் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. சுமார் 540 கிலோமீட்டர் கால்வாய். வழியில் 800 மீட்டருக்கும் மேலே பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். ஆற்றில் வரத்தோ குறைந்துகொண்டே போகிறது. "நான் ஒருத்தன் போனா என்ன குறைஞ்சிடும்?" இப்படிக் கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் போகிறோம்.

அதற்காக யாரும் எங்கும் போகக்கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானே பிழைக்க வந்தவன். ஆனால் சகுவாரோவை யோசித்துப் பாருங்கள். தொஹோனோ ஓதம் மக்கள் கோடையில் அதன் பழத்தைப் பறித்துப் பாகு காய்ச்சுகிறார்கள். அதைப் புளிக்கவைத்த மதுவோடு மழையை அழைக்கும் சடங்கு நடக்கிறது. அந்த உழைப்பில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. அதைப் போய் என் வசதிகளில் ஒன்றாக எழுதி வைத்திருந்தேன்.

பட்டியலைத் திருப்பி எழுதினேன்: புல்தரை இல்லாத சின்ன வீடு, மழைநீர்த் தொட்டி, ஒரு சகுவாரோ கன்று. அது முதல் கிளை விட 50 முதல் 75 வருஷம் ஆகுமாம். நான் பார்க்கமாட்டேன்.

மனைவி இன்னும் சரி என்று சொல்லவில்லை.